டாப் மாடலா, ஒரு படி கீழேயா? கேமிங் பிசி பாகங்கள் ஓர் அலசல்

உயர்ரக கேமிங் பிசி கட்டுகிறவர்கள் பணத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற சாமான்களில்தான். மதர்போர்டில் கொஞ்சம், வாட்டர் கூலரில் கொஞ்சம், கலர் கலராக எரிகிற ரேமில் கொஞ்சம் என்று போய், கார்டு வாங்கும் நேரத்தில் பட்ஜெட் கையைக் கடிக்கும். அதனால் பாகங்களைப் பார்ப்பதற்கு முன்னால் மானிட்டரை முடிவு செய்துவிடுங்கள். 1440பி திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல்கள், 4கே திரையில் சுமார் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 4கே-யில் கார்டு 2.25 மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும். 4கே என்றால் சுமை முழுக்கக் கார்டின் தலையில்தான், ப்ராசஸர் பாதி நேரம் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். 1440பி-யில் 240 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 240 ஃபிரேம்) போட்டி கேம் ஆடுகிறவருக்கு இது அப்படியே தலைகீழ், சுமை ப்ராசஸர் மேல். ஆகவே "பெஸ்ட் பிசி எது" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

சரி, கார்டுக்கு வருவோம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080, 5070 டிஐ இரண்டிலும் இருப்பது ஒரே ஜிபி203 சிப். இரண்டிலும் 16 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம், சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே 256-பிட் பாதை. வித்தியாசம் கோர்களில்: 5080-இல் 10,752 குடா கோர்கள் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்), 5070 டிஐ-யில் 8,960. அதாவது 20 சதவீதம் கூடுதல், கேமில் தெரிவதோ அதைவிடக் குறைவு, சுமார் 15 சதவீதம்தான். ஆனால் அறிமுக விலையில் 5080 மூன்றில் ஒரு பங்கு அதிகம். 5070 டிஐ-யில் நொடிக்கு 80 ஃபிரேம் வருகிற இடத்தில் 5080-இல் 92 வரும், அவ்வளவுதான். அந்த 12 ஃபிரேமுக்காக இவ்வளவு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நினைவகமாவது கூடுதலாக இருந்தால் "நாலைந்து வருஷம் தாங்கும்" என்று சொல்லலாம், அதுவும் இல்லை.

5090 வேறு ரகம். 21,760 கோர்கள், 32 ஜிபி, 512-பிட் பாதை, 575 வாட் மின்சாரம். காகிதத்தில் 5080-ஐப் போல இரண்டு மடங்கு, அறிமுக விலையும் இரண்டு மடங்கு, ஆனால் 4கே கேம்களில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர், 3டி ரெண்டரிங் செய்கிறவர் என்றால் அந்த 32 ஜிபிக்கு அர்த்தம் இருக்கிறது. கேம் மட்டும்தான் என்றால் இதை ஆசைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டும். அதில் தப்பும் இல்லை, கணக்கு மட்டும் பேசக்கூடாது.

உண்மையான போட்டி 5070 டிஐ-க்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கும்தான். இதிலும் 16 ஜிபி, ஆனால் பழைய ஜிடிடிஆர்6. மின்சாரம் 304 வாட், 5070 டிஐ 300 வாட், ஆக அதில் பேச ஒன்றுமில்லை. ரே டிரேசிங் இல்லாத சாதாரண ராஸ்டர் கேம்களில் ஏஎம்டி ஒட்டி ஒட்டியே வருகிறது, சில கேம்களில் முந்தவும் செய்கிறது. ரே டிரேசிங்கை (ஒளி நிஜத்தில் போகிற விதத்தைக் கணக்கிட்டு வரைவது) முழுமூச்சாகப் போட்டால், குறிப்பாக அதன் உச்சமான பாத் டிரேசிங்கில், என்விடியா முன்னே போகிற இடைவெளி நன்றாகவே தெரியும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 முந்தைய பதிப்பைவிட எவ்வளவோ தேவலை, ஆனாலும் அதே வேலை செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கிற கேம்களின் எண்ணிக்கைதான் அதிகம். அறிமுக விலையில் 9070 எக்ஸ்டி 20 சதவீதம் குறைவு. கடை விலை அந்தக் கணக்கிலேயே நிற்பதில்லை என்பதால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: இடைவெளி 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் 5070 டிஐ, 20-ஐத் தொட்டால் யோசிக்காமல் 9070 எக்ஸ்டி, நடுவில் என்றால் நீங்கள் ரே டிரேசிங்கை ஆன் செய்து ஆடுகிற ஆளா இல்லையா என்பதைப் பொறுத்தது. அப்புறம் விளம்பரத்தில் வருகிற "நாலு மடங்கு ஃபிரேம்" எல்லாம் ஃபிரேம் ஜெனரேஷன் சமாச்சாரம், அதாவது நடுநடுவே கார்டு தானே ஊகித்துச் செருகும் ஃபிரேம்கள். ஏற்கெனவே 60, 70 ஃபிரேம் வந்தால் அது அழகு சேர்க்கும். 30-இல் திணறுகிற கேமை அது காப்பாற்றாது, மவுஸை அசைத்தால் படம் தாமதமாகத்தான் நகரும்.

ப்ராசஸரில் ஏஎம்டியின் எக்ஸ்3டி வரிசையைத் தாண்டிப் போக இப்போதைக்குக் காரணம் இல்லை. ரைசன் 7 7800எக்ஸ்3டி (2023), 9800எக்ஸ்3டி (2024) இரண்டுமே 8 கோர், 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்). புதியதில் அந்தக் கூடுதல் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் கோர்களின் சூடு நேராகக் கூலருக்குப் போகிறது, கிளாக் வேகமும் கூடியிருக்கிறது. 1440பி-யில் அதிக ஃபிரேம் தேடுகிறவர் 9800 வாங்கட்டும். 4கே-காரருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது, மிச்சப் பணத்தைக் கார்டில் போடலாம். 16 கோர் 9950எக்ஸ்3டி? அதில் 8 கோர்களுக்கு மட்டும்தான் கூடுதல் கேஷ், கேம் ஓடுவதும் அந்த 8-இல்தான், மீதி 8 கோர் வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கு. இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே வேலைக்கு நல்ல சிப், ஆனால் பல கேம்களில் தன் முந்தைய தலைமுறை 14900கே-யிடமே தோற்கிறது. அந்த 14900கே-யைப் பழையதாக மலிவு விலையில் யாராவது நீட்டினால் உஷார். 13, 14-ஆம் தலைமுறை சிப்களில் அதிக வோல்டேஜால் நிலைகுலைகிற சிக்கல் வந்து, 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டியது. திருத்தம் வருவதற்கு முன் அந்தச் சிப் எப்படி ஓடியது என்பது வாங்குகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

மதர்போர்டில்தான் கண்ணை மூடிக்கொண்டு மிச்சம் பிடிக்கலாம். ஏஎம்டி போர்டின் சிப்செட் எக்ஸ்870இ-யா பி850-ஆ என்பதில் கேம் ஃபிரேம் மாறாது. எக்ஸ்870 வரிசையில் யுஎஸ்பி4 கட்டாயம் உண்டு, எக்ஸ்870இ என்றால் போர்ட்களும் எஸ்எஸ்டி இடங்களும் அதிகம், தேவையென்றால் வாங்குங்கள். சில விலை உயர்ந்த போர்டுகளில் இரண்டாவது ஜென் 5 (பிசிஐஇ இணைப்பின் ஐந்தாம் தலைமுறை) எஸ்எஸ்டியைச் செருகினால் கார்டின் 16 லேன் (தரவு போகும் தடங்கள்) 8 ஆகிவிடும், மேனுவலைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

ரேம்: டிடிஆர்5-6000 சிஎல்30, 16 ஜிபியாக இரண்டு, போதும். நாலு ஸ்டிக் போட்டால் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் வேகம் இறங்கும். சிஎல் என்பது ரேம் பதில் தரும் தாமதத்தின் அளவு; சிஎல்36 என்றால் அந்தத் தாமதம் 10 நானோ நொடியிலிருந்து 12 ஆகிறது. எக்ஸ்3டி சிப்பில் அந்தப் பெரிய கேஷ் இதைப் பெரும்பாலும் மறைத்துவிடும், ஆக விலை நிறைய குறைந்தால் சிஎல்36-ஐயே எடுக்கலாம். 2025 கடைசியில் நினைவக விலை எகிறிய பிறகு 64 ஜிபி கேமருக்கு வெட்டிச் செலவு. பயாஸில் எக்ஸ்போவை (ரேமைக் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் காசு கொடுத்த வேகத்தில் ரேம் ஓடாது. எஸ்எஸ்டியில் ஜென் 5 நொடிக்கு 14 ஜிபி வரை படிக்கும், ஜென் 4 சுமார் 7. கேம் லோடிங்கில் வித்தியாசம் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இல்லை. ஜென் 4-இலேயே 2 டிபி வாங்குங்கள்.

கஞ்சத்தனம் கூடாத ஒரே இடம் பவர் சப்ளை. கார்டுகள் கண நேரத்துக்குக் குறித்த அளவைத் தாண்டி மின்சாரம் இழுக்கும். அதைச் சமாளிக்கத்தான் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் 3 வரையறை 100 மைக்ரோ நொடிகளுக்கு 200 சதவீதச் சுமையைத் தாங்கச் சொல்கிறது. 5070 டிஐ-க்கு என்விடியா சொல்வது 750 வாட், 5090-க்கு 1000. மின்திறன் சான்றுகளான கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் பாதிச் சுமையில் 2 சதவீதம்தான் வித்தியாசம், ஆகவே பட்டத்துக்குப் பணம் கொடுக்காமல் நல்ல கம்பெனியின் கோல்டு 850 வாட் ஏடிஎக்ஸ் 3.1 எடுங்கள். கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2x6 கேபிளைக் கடைசி வரை அழுத்திச் செருகுங்கள், சரியாக உட்காராத கனெக்டர் உருகிய கதைகள் நிறைய.

கூலருக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலர் தாராளம். 120 வாட் சிப்புக்கு 360 மிமீ வாட்டர் கூலர் என்பது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவே. அதில் பம்பு என்று தேய்கிற பாகம் ஒன்றும் கூடுதலாகச் சேர்கிறது. கேஸ் எதுவானாலும் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் மெஷ்ஷாக இருக்கட்டும். பெரிய கார்டுகள் 30 செமீயைச் சாதாரணமாகத் தாண்டும், ரேடியேட்டரை முன்னால் மாட்டினால் உள்ளே இன்னும் சில செமீ போய்விடும், அதனால் ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டின் நீளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.