அஜிலிட்டியா, ட்ரிக்ஸா, மோப்ப விளையாட்டா?

நாயோடு ஏதாவது விளையாட வேண்டும் என்று தோன்றினால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, நாய் தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டிதான். 1978இல் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பின்பற்றி, இடைநேர வேடிக்கையாகத் தொடங்கியது. இன்றும் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதற்கு மைதானம் வேண்டும், தடைகள் வேண்டும், கூடவே ஓடக் கால்களில் தெம்பும் வேண்டும். எலும்பு வளர்ச்சி முடியாத குட்டியை உயரம் தாண்ட விடவே கூடாது. பெரிய இன நாய்களுக்கு அந்த வளர்ச்சி முடிய ஒன்றரை வயதுகூட ஆகலாம்.

என் நாய்க்குத் தடை ஓட்டத்தில் எல்லாம் பிடித்தது, சீசா பலகையைத் தவிர. பலகையின் மறுமுனை தரையில் 'டப்'பென்று அறைந்ததும் குதித்து இறங்கியது, இரண்டு வாரம் கிட்டவே வரவில்லை. பலகைக்கு அடியில் தடித்த பாயை மடித்து வைத்துச் சத்தத்தைக் குறைத்த பிறகுதான் மெல்ல ஏறியது.

அந்த இரண்டு வாரமும் எங்களுக்குக் கைகொடுத்தது ட்ரிக்ஸ், அதாவது சின்னச் சின்ன வித்தைகள். கூடத்தில் மூன்று நிமிடம் போதும். சுற்றி வரக் கற்றுத்தர, தின்பண்டத்தை மூக்கருகே பிடித்து வட்டமாக இழுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு அதே கையை வெறுமையாக அசைத்து, தின்பண்டத்தை மற்றக் கையால் கொடுங்கள். இல்லாவிட்டால் அது கையைப் பார்க்காது, பண்டத்தைத்தான் பார்க்கும். கிளிக்கர் (சரியாகச் செய்த நொடியில் அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) வைத்திருந்தால் நேரம்தான் முக்கியம். 'கை கொடு' பழக்கும்போது பாதம் மேலே இருக்கையில் கிளிக் வர வேண்டும். தாமதித்தால், பாதத்தைக் கீழே வைத்ததற்குப் பரிசு என்று அது புரிந்துகொள்ளும். வழுக்கும் தரை வேண்டாம். டாஷ்ஹண்ட் போல முதுகு நீண்ட நாய்களைப் பின்னங்காலில் நிற்க வைக்கவும் வேண்டாம்.

மோப்ப விளையாட்டுக்கு ஐந்தாறு அட்டைப்பெட்டிகள் போதும். ஒன்றில் தின்பண்டம், மற்றவை காலி; எது என்று நாய் மோந்து கண்டுபிடிக்க வேண்டும். போட்டி என்றால் பிர்ச் மரம், சோம்பு, கிராம்பு எண்ணெய் வாசனைகளைத் தேடும். ஒரு நேரத்தில் ஒரே நாய்தான் தேடும் என்பதால் மற்ற நாய்களைக் கண்டால் குரைக்கும் நாய்க்கும் பயந்த நாய்க்கும் வயதான நாய்க்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்டால் ட்ரிக்ஸ் என்பேன். உங்கள் கையைப் படிக்க நாயும், நாயின் உடலைப் படிக்க நீங்களும் அங்கேதான் பழகுவீர்கள். சரி, உங்களுடையது கூச்ச சுபாவமா? அப்படியானால் பெட்டிகளில் தொடங்குங்கள். இரண்டு பெட்டியைக் கடந்துபோன என் நாய், மூன்றாவதில் சட்டென்று தலையைத் திருப்பி வாலை வேகமாக ஆட்டும். அதற்குமுன் பெட்டியைச் சுட்டிக்காட்டிவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை.