மூன்று மணி வெயிலும் என் ரேமும்

வேலையிடத்துத் தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் யாரோ போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்), எட்டு ஜிபியில் இரண்டு, அட்டைப்பெட்டியில் அதன் வேகம் 3600 என்று கொட்டை எழுத்து. “அண்ணே, எடுக்கலாமா? புதுசு விலையப் பாத்தா பயமா இருக்கு.” பயம் நியாயம்தான். ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலை எங்கேயோ போய்விட்டது. இரண்டு வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பழைய எரிச்சல் எல்லாம் கிளம்பிவிட்டது.

என் கணினி 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியது. ரைசன் 5 3600 பிராசசர் (இந்த 3600 வெறும் மாடல் எண்), ஒரு பி450 மதர்போர்டு, பிராசசரோடு வந்த கூலர். ரேம் வேகம் 3200, சிஎல் 16 (கேட்டதைத் தர எத்தனை சுழற்சி காக்கவைக்கும் என்ற எண்), நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். கடைக்காரர் 3600, சிஎல் 18 ஒன்றைக் காட்டி முப்பது வெள்ளி கூடக் கேட்டார். ரேமின் உண்மைக் கடிகாரம் எழுதியிருப்பதில் பாதிதான், அதனால் 16ஐ 1600ஆல் வகுத்தாலும் 18ஐ 1800ஆல் வகுத்தாலும் தாமதம் அதே பத்து நானோவினாடி. எண்ணுக்கு எதற்கு முப்பது வெள்ளி, வேகத்தை நாமே வீட்டில் இழுத்துக்கொள்ளலாம் என்று மலிவானதை எடுத்தேன்.

கணக்கு பலித்தது. வோல்டேஜை 1.35லிருந்து கொஞ்சமாக ஏற்றியதும் 3600, சிஎல் 16 நின்றது. தாமதம் ஒன்பது நானோவினாடிக்கும் கீழே. அந்தத் தலைமுறை ரைசனில் ரேமும் பிராசசரின் உள் இணைப்பும் ஒன்றுக்கு ஒன்றாக ஓடுவது ஏறக்குறைய 3600 வரைதான். அதற்கு மேல் இழுத்தால் பிராசசருக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கி, லாபமெல்லாம் போய்விடும். ஆக, மலிவு ரேமில் உச்சத்தையே தொட்டுவிட்டேன். இரவெல்லாம் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. அப்போது இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அப்புறம் கிருமி வந்தது, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கணினி இருக்கும் அறை மேற்கு பார்த்தது. அதுவரை பகலில் நான் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. மூன்று மணி ஆனால் போதும், பிரவுசர் தானாகச் சாகும், ஜிப் கோப்பு கெட்டுவிட்டது என்று வரும், வாரத்துக்கு ஒரு தடவை நீலத்திரை. விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டேன். பவர் சப்ளையையும் மாற்றினேன், அது தண்டச் செலவு. ராத்திரி சோதித்தால் எல்லாம் சரி. “மத்தியானம் அதுக்கும் தூக்கம் வருது போல, விடுங்க” என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், சூடு ஏற ஏற வேகமாகக் கசியும். அதனால் அடிக்கடி நிரப்ப வேண்டும். அப்படி நிரப்ப ஒவ்வொரு முறையும் கொடுக்கும் நேரம்தான் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் டிஆர்எஃப்சி என்று இருப்பது. நான் பேராசைப்பட்டு அதை நெருக்கி வைத்திருந்தேன். இரவில் ஏர்கான் இருக்கிறது, தாங்கியது. மத்தியானம் மின்விசிறி மட்டும், அறை 31 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு வேறு கீழிருந்து மூச்சு விடுகிறது. இணையத்தில் டைமிங் (சிஎல், டிஆர்எஃப்சி மாதிரி எண்கள்) பட்டியல் போடுகிறவர்களில் எத்தனை பேர் மேற்கு வெயிலில் சோதித்துப் பார்த்திருப்பார்கள்? டிஆர்எஃப்சியைத் தளர்த்தினேன், பழைய கேஸ் ஃபேன் ஒன்றை கேபிள் டையால் ரேமுக்கு மேலே கட்டினேன். பார்க்க அசிங்கம். ஆனால் அதற்குப் பிறகு நாலு வருடம் ஒரு பிழை இல்லை.

போன வருடம் இரண்டு ரேம் ஸ்டிக்கில் ஒன்று செத்தது. ஆயுட்கால வாரண்டி என்பதால் ஜோடியாகக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன், மூன்று வாரம் காத்திருந்தேன். திரும்பி வந்ததில் அதே பெயர், அதே மாடல் எண், அதே பெட்டி. உள்ளே இருக்கும் சில்லு மட்டும் வேறு நிறுவனத்துடையது! பழைய டைமிங்கில் கணினி தொடங்கவே இல்லை. சிஎல்லைத் தளர்த்தியும் 3600 நிற்கவில்லை. கேட்டதற்கு, “3200 ஓடுதுல்ல சார்?” என்றார்கள். ஓடுகிறது. பெட்டியில் எழுதியிருப்பதும் அவ்வளவுதான், அவர்கள் பக்கம் தப்பில்லை. ஆனாலும் பெயர்ப்பலகையை அப்படியே வைத்துக்கொண்டு சமையல்காரரை மாற்றிவிட்ட காப்பிக்கடை மாதிரி இருக்கிறது. வயிறு எரிகிறது.

இப்போது வெறும் எக்ஸ்எம்பி (பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் ஆயத்த அமைப்பு), 3200. எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால், உட்கார்ந்து வேலை பார்க்கும்போது வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அந்த நிறுவனத்து ரேமை இனி தொட மாட்டேன்.

தம்பிக்கு எழுதியது: எடு. ஆனால் விற்கிறவர் வீட்டிலேயே எக்ஸ்எம்பி போட்டு மெம்டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல். ஒற்றை ஸ்டிக் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், இரண்டு இருந்தால்தான் இரட்டைச் சேனல், அதாவது தகவல் இரண்டு பாதையில் போகும். வேறு செட்டோடு கலக்காதே. நாலு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நாலாவதும், மேனுவலைப் பார்த்துக்கொள். டிஆர்எஃப்சி பக்கம் போகாதே.

எடுத்துவிட்டான். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ்: “அண்ணே, 3600 சூப்பரா ஓடுது. டைமிங்க இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?”

உன் அறை எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டிருக்கிறேன்.