இரு தீவுகளின் வருமானக் கோடுகள்: உலக வங்கியின் தரவுத்தளம் வகுப்பறையில்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கும் நான், சென்ற தவணையில் மொரிசியஸையும் மாலைத்தீவையும் ஒப்பிடும் பாடத்தை உலக வங்கியின் திறந்த தரவுத்தளத்தை வைத்தே நடத்தினேன். கட்டணமோ பதிவோ கேட்காமல் கையடக்கத் தொலைபேசியிலேயே திறக்கும் இந்தச் சேவையை மலையக ஆசிரியர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் முதலில் தென்படும் வரைபடத்தோடு நின்றுவிடக் கூடாது.

இந்த இரு நாடுகளும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமானவை அல்ல. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த அதே 19 ஆம் நூற்றாண்டில் மொரிசியஸின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றார்கள். அந்நாட்டு நாணயத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. மாலைத்தீவு எங்கள் சம்பலில் சேரும் மாசிக் கருவாட்டின் ஊர்.

நாட்டுக்குள் ஓராண்டில் உற்பத்தியானதன் பெறுமதி ஆளொருவருக்கு எவ்வளவு என்று காட்டும் தலா மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது நடைமுறை விலையில் டொலரில் கணித்த தொடர். விலைவாசி ஏற்றமும் நாணயமாற்று வீதத்தின் அசைவும் அதில் கலந்திருப்பதால், நீண்ட கால ஒப்பீட்டுக்கு அதை நம்ப முடியாது. எல்லா ஆண்டுகளையும் ஒரே ஆண்டின் விலையில் கணித்த நிலையான விலைத் தொடருக்கு மாறிய பிறகே பாடம் தொடங்குகிறது. 1968 இல் சுதந்திரம் பெற்றபோது சீனியையே நம்பியிருந்த மொரிசியஸ், 1970 இல் ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயத்துக்கான சட்டத்தை இயற்றி ஆடைத் தொழிலுக்கும், பின்னர் சுற்றுலாவுக்கும் நிதிச் சேவைக்கும் விரிந்தது. அதன் கோடு பெரும்பாலும் நிதானமாகவே ஏறுகிறது. 1972 இல் முதல் உல்லாச விடுதியைத் திறந்த மாலைத்தீவின் கோட்டிலோ, ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டான 2005 இல் ஒரு பள்ளம் விழுகிறது. கொவிட் தொற்றால் எல்லைகள் மூடப்பட்ட 2020 இல் அதன் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. மொரிசியஸின் சரிவு ஏறத்தாழ 15 சதவீதம். ஆனால் 2020 ஜூலையிலேயே எல்லையைத் திறந்த மாலைத்தீவு அடுத்த ஆண்டே வேகமாக எழுந்தது, 2021 ஒக்டோபர் வரை முழுமையாகத் திறக்காத மொரிசியஸ் மெதுவாக மீண்டது.

இந்த வரைபடத்தை நகரத்துக் கடையொன்றில் அச்சிட்டபோது கறுப்பு வெள்ளையில் வந்து, எது எந்த நாடென்று தெரியாமல் போனது. மாணவியர் இருவர் சிவப்பும் பச்சையுமாகப் பென்சிலால் கோடுகளின் மேல் வரைந்தார்கள். 2020 பள்ளத்துக்குள் பென்சில் இறங்கியபோது அதன் ஆழம் எல்லோருக்கும் விளங்கியது.

நான் மிகவும் மதிப்பது, எங்கே உற்பத்தியானாலும் நாட்டவரின் கைக்கு வந்து சேரும் வருமானத்தைக் கணிக்கும் மொத்த தேசிய வருமானத் தொடரைத்தான். மாலைத்தீவில் வெளிநாட்டவர் முதலிட்ட விடுதிகளின் இலாபம் நாட்டைவிட்டுப் போவதால், உற்பத்தியைவிட வருமானம் குறைந்து நிற்கிறது. தோட்டத்தில் விளைந்ததெல்லாம் தோட்டத்து மக்களின் கைக்கு வருவதில்லை என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2020 ஜூலையில் உயர் வருமான நாடாக வகைப்படுத்தப்பட்ட மொரிசியஸ் அடுத்த ஆண்டே அந்தத் தகுதியை இழந்ததையும் இந்தத் தொடரைக் கொண்டே விளக்கினேன், ஏனெனில் அந்த வகைப்படுத்தலுக்கு அடிப்படை முந்தைய ஆண்டின் தலா தேசிய வருமானம்.

தளத்தில் தமிழ் இல்லை என்பதால் கலைச்சொற்களை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லது. பழைய ஆண்டுகளின் எண்களும் அவ்வப்போது திருத்தப்படுவதால், எக்செல் கோப்பாகப் பதிவிறக்கும்போது திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.