கால் ரத்தக்குழாய் அடைப்பு: நடையா, மாத்திரையா, பலூனா, பைபாஸா?

நூறடி நடந்தால் அப்பாவுக்கு ஆடுசதை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். வயதுக் கோளாறு என்று நினைத்து, அழுத்தக் காலுறை வாங்கி மாட்டிவிட்டவன் நான். அது பெரிய தவறு.

ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் சிரை. சிரைக் கோளாறில் மாலையானால் கால் கனக்கும், வீங்கும். தூக்கி வைத்தால் சுகம். அதற்குக் காலுறை நல்லது. அப்பாவுக்கு இருந்தது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு. இது அதற்கு நேர்மாறு. காலைத் தூக்கினால் பாதம் வெளுத்துப்போகும், வலி கூடும். தொங்கப் போட்டால்தான் நிம்மதி. ஏற்கெனவே ரத்தம் போதாத காலை இறுக்கமான காலுறை மேலும் நெரிக்கும். எனவே முதலில் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் தமனி அடைப்பு. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம்; அவர்களுக்குக் கால் விரலில் அளப்பது மேல்.

நடந்தால் மட்டும் வலி என்ற நிலையில் என் ஓட்டு நடைப் பயிற்சிக்கே. வலி நன்றாகப் பிடிக்கும் வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடப்பது. வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். அடைப்பு அப்படியேதான் இருக்கும். கிடைக்கும் ரத்தத்தைத் தசை சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளும். 2011-இல் வெளியான 'கிளெவர்' என்ற அமெரிக்க ஆய்வில், ஆறு மாத முடிவில் டிரெட்மில்லில் நடக்கும் நேரம் மேற்பார்வையில் பயின்றவர்களுக்குச் சராசரியாக 5.8 நிமிடமும் ஸ்டென்ட் (விரித்த தமனி மூடாமல் தாங்கும் வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு 3.7 நிமிடமும் கூடியது. ஆனால் அன்றாட வாழ்க்கை மேம்பட்டதாக அதிகம் உணர்ந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்கள்தான். அதையும் மறைக்கக் கூடாது.

சிலோஸ்டசால் மாத்திரை நடக்கும் தூரத்தை ஓரளவு கூட்டும். தலைவலி, வயிற்றுப்போக்கு வரலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் முக்கியமாக மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கத் தரப்படுகின்றன. வலி குறையவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். புகைப்பதை விடாதவருக்கு எந்த வழியும் நெடுநாள் கைகொடுக்காது.

அடைத்த தமனிக்குள் பலூனை ஊதி விரிக்கும் சிகிச்சைக்கு வழி திறந்தவர் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர். 1964-இல், காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனியைக் குழாய் செலுத்தி விரித்தார். பலூன் பின்னால் வந்தது. கீறல் சிறியது, பலன் உடனே தெரியும். ஆனால் தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். நீளமான அடைப்புக்கு, மாற்றுப் பாதையாக வைத்துத் தைக்க நல்ல சிரை கிடைத்தால், அடைப்பைச் சுற்றி ரத்தத்தைத் திருப்பும் பைபாஸ் அறுவை கூடுதல் காலம் தாங்கும். அதற்கு விலை பெரிய காயமும் வாரக்கணக்கில் ஓய்வும்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, நள்ளிரவில் எழுந்து காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாரா? விரலில் புண் ஆறாமல் கிடக்கிறதா? அப்படியென்றால் நடைப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல், ரத்த ஓட்டத்தைத் திறக்கும் சிகிச்சையை விரைவில் பேச வேண்டும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.