டபுள் ஓ கேஜா, ‘என்’ கேஜா?

பிரிட்டிஷ் நீராவி ரயில்களின் குட்டி மாதிரிகளை வீட்டில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். நான் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு டபுள் ஓ-வில் நிலைத்தேன். ‘என்’ கேஜ் வீட்டில் இருந்தது எட்டு மாதம்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டபுள் ஓ என்பது நிஜ ரயிலில் 76-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டிஷ் ‘என்’ 148-இல் ஒரு பங்கு; இடைவெளி 9 மி.மீ. இடம் என்று வந்தால் ‘என்’தான், பேச்சே இல்லை. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் என்ற நீராவி என்ஜின் மணிக்கு 126 மைல் வேகம் தொட்டபோது அதன் பின்னால் ஏழு பெட்டிகள் இருந்தன. அதே ரயிலைக் கோத்தால் டபுள் ஓ-வில் சுமார் இரண்டு மீட்டர் வரும். ‘என்’னில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்.

டபுள் ஓ-வில் தண்டவாள இடைவெளி, என்ஜினின் அளவுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறுகல் என்பதும் உண்மை. அந்தக் காலத்து மோட்டார்கள் ஒடுக்கமான பிரிட்டிஷ் என்ஜினுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கி, எச்ஓ என்ற சற்றுச் சிறிய அளவின் தண்டவாளத்திலேயே விட்டுவிட்டார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் உறுத்தும், பக்கவாட்டில் தெரியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது சுத்தம் செய்யும் வேலை. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. நடுவே கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் போதும், என்ஜின் நின்றுவிடும். டபுள் ஓ என்ஜினின் எடை சக்கரத்தைத் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. என்னிடம் இருந்த ‘என்’ டாங்க் என்ஜினோ (கரியையும் தண்ணீரையும் தன் உடலிலேயே சுமக்கும் வகை) விரல் நீளம். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. மெதுவாக ஓட்டினால் பாயிண்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடம், வரும்போதெல்லாம் நின்றுவிடும், விரலால் தள்ள வேண்டும். ஒருநாள் பிரித்துப் பார்த்தால், அச்சில் கம்பளத்து நூல் ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக அதை எடுப்பதற்குள் மாலைப்பொழுது போய்விட்டது.

டபுள் ஓ-விலும் இந்த வேலை உண்டு. ஆனால் கை போகிற அளவில் உண்டு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, என்ஜினின் பாதிச் சக்கரங்களை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு ஓடவிடுவேன். கரி கோடு கோடாகத் துணியில் இறங்கும். அப்புறம் திருப்பி வைத்து மறுபாதி. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். உரசித் தேய்க்கிற ரப்பரை மட்டும் அடிக்கடி எடுக்காதீர்கள். அது விடுகிற கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

பழைய பொருள் சந்தையிலும் டபுள் ஓ-தான் அதிகம் புழங்குகிறது. உதிரிக்கும் அலைய வேண்டியதில்லை. டிஜிட்டல் கட்டுப்பாடு பக்கம் நான் போனதில்லை. நான் சொல்வதெல்லாம் சாதாரண 12 வோல்ட் ஓட்டத்துக்குத்தான்.

உங்களிடம் இருப்பது ஒரு குறுகிய அலமாரித் தட்டுதான் என்றால் சரி, ‘என்’னையே எடுங்கள். குட்டி டாங்க் என்ஜினில் தொடங்காமல், டெண்டர் (என்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) சக்கரங்களும் மின்சாரம் எடுக்கிற நீள என்ஜினாகப் பாருங்கள். வாங்கும் முன் பாயிண்ட் மேல் நடை வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.