கரிம வரி பற்றிப் பேச எந்தச் சங்கம்?

வருடச் சந்தா கட்டவும் கூட்டத்துக்குப் போகவும் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் எங்களால் முடியும். சிங்கப்பூரில், செனோக்கோ தொழிற்பேட்டையில் இட்லி, தோசை மாவு தயாரிக்கும் சிறிய ஆலை எங்களுடையது. வேலை செய்பவர்கள் 14 பேர். எதில் சேர்வது என்று இரண்டு வருடம் யோசித்துவிட்டு, போன மாதம் உணவு உற்பத்தியாளர்களுக்கான ஒரு துறைச் சங்கத்தில் சேர்ந்தோம். இதே யோசனையில் இருக்கும் சிறு தொழில்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கரிம வரி என்பது வெளியேற்றும் கரியமில வாயு போன்றவற்றுக்கு டன் கணக்கில் அரசாங்கம் போடும் வரி. அதற்கும் தோசை மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். வரியை நேரடியாகக் கட்டுவது ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் அந்த வாயுக்களை வெளியிடும் 50 சொச்சம் நிலையங்கள்தாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம் போன்றவை. நமக்கு அது மின்கட்டணத்தின் வழியாக வருகிறது. இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எங்கள் ஆலை மாதம் 20,000 யூனிட் இழுக்கிறது என்றால் 8 டன். டன்னுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்த 2023 வரை அது மாதம் 40 வெள்ளி. 2024, 2025ல் 25 வெள்ளி என்றபோது 200. 2026, 2027க்கு 45 வெள்ளி, அதாவது 360. 2030க்குள் 50 முதல் 80 வரை போகும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. மின்சாரம் விற்பவர் இதில் எவ்வளவை நம் பில்லில் ஏற்றுகிறார் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் திசை அதுதான்.

நான் இந்த வரிக்கு எதிரானவன் இல்லை. புழுக்கமான இரவுகளில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கிறது என்று தினமும் பார்க்கிறவன். வெப்பம் ஏறுவது எங்கள் பிழைப்பைத் தொடும் விஷயம். வரி இருக்கட்டும், சிறியவர்கள் மாறிக்கொள்ள வழியும் இருக்கட்டும் என்பதுதான் என் பேச்சு. அதை யார் வழியாகச் சொல்வது?

முதலில் சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம். 2002ல் தொடங்கியது. செலுத்தப்பட்ட மூலதனம் 500,000 வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் சட்டப்படியே இதில் உறுப்பினர்கள். நாங்கள் அந்த அளவில் இல்லை. அமைச்சுகளோடு அதற்கு இருக்கும் தொடர்பு வேறு எந்தச் சங்கத்துக்கும் எளிதில் வாய்க்காது. ஆனால் எல்லாத் துறையும் உள்ளே இருப்பதால் பேச்சு பொதுவாகத்தான் இருக்க முடியும். உள்ளே இருந்து பார்த்த அனுபவம் எனக்கில்லை. வெளியிலிருந்து தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

அடுத்து சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபை. 1924ல் வேர்விட்டது. தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மானிய விண்ணப்பத்துக்குக் கைகொடுக்க சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எஸ்எம்இ நிலையமும் உண்டு. புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு முதலில் அங்கே போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நகைக்கடையும் சரக்குக் கப்பலும் மாவு ஆலையும் ஒரே மேசையில் இருக்கும்போது, குளிர் அறை பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

சங்கமே வேண்டாம் என்றால் மக்கள் கருத்தைக் கேட்க அரசாங்கம் நடத்தும் ரீச் தளத்தில் பொதுக் கலந்தாலோசனைக்கு நேராக எழுதலாம். செலவில்லை. நான் ஒருமுறை எழுதினேன், நன்றி சொல்லிப் பதில் வந்தது.

கடைசியில் என் முடிவை ஒரே கேள்வி தீர்மானித்தது: அரசாங்கத்துக்குப் போகும் கடிதத்தின் வரைவை, போவதற்கு முன் உறுப்பினருக்குக் காட்டுகிறார்களா?

முன்பு வேறோர் அமைப்பில் இருந்தோம். பெயர் வேண்டாம். வரி உயர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி உறுப்பினர்கள் சார்பில் ஒரு கடிதம் போயிருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் மாவு எடுக்க வந்தபோது, "என்ன அண்ணே, நீங்களும் தள்ளிவைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். என் சந்தாவில், என் பெயரில், நான் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள்.

இது சின்னவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. 2021 ஜனவரியில் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல், எண்ணெய், எரிவாயுத் துறையின் சங்கமான அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தை விட்டு வெளியேறியது. பருவநிலை பற்றிய நிலைப்பாடுகள் ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணம். அவர்களுக்கு வெளியேறினாலும் குரல் உண்டு. நமக்குச் சங்கத்தை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை, அதனால் சேரும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போதைய சங்கத்தில் வரைவு வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு பக்கம். மின்சாரச் சிக்கனக் கருவி வாங்க அரசாங்கம் தரும் எரிசக்தித் திறன் மானியத்தைக் கூட்ட வேண்டும் என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். ஒரு செவ்வாய் மாலை எட்டுப் பேர் உட்கார்ந்து பேசினோம். நான் எங்கள் கம்ப்ரஸர் கதையைச் சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு குளிர் அறை கம்ப்ரஸர் நின்றுபோனது. உள்ளே 400 கிலோ மாவு. விடிவதற்குள் புதிது மாட்டியாக வேண்டும். மானியம் வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் ஆர்டர்; முன்பணம் கட்டிவிட்டால் தகுதி போய்விடும். காத்திருக்க முடியுமா? கருவி மாட்டித் தரும் குத்தகையாளரின் கிடங்கில் கிடந்ததை வாங்கி மாட்டினோம். மின்சாரம் அதிகம் தின்னும் பழைய மாடல். இனி அது இன்னும் பத்து வருடம் ஓடும்.

மேசையில் இருந்த மீன் உருண்டைக்காரரும் பேக்கரி அம்மாவும் அதே கதையைச் சொன்னார்கள். சின்ன ஆலைகள் கருவி மாற்றுவதே அது உடையும் நாளில்தான். கூடுதல் பணத்தைவிட, அவசரத்தில் வாங்கிய சிக்கனக் கருவிக்கும் சில வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற ஒரு விதிதான் எங்களுக்குத் தேவை. அந்தக் கோரிக்கை கடிதத்தில் ஏறியது. பெரிய ஆலைகளின் மேசையில் இது வந்திருக்காது. அங்கே மாற்று கம்ப்ரஸர் எப்போதும் தயாராக இருக்கும்.

குறையும் உண்டு. இந்தச் சங்கம் சின்னது, கதவைத் தட்டினால் உடனே திறக்கிற செல்வாக்கு இல்லை. மாதம் இரண்டு மாலை போய்விடுகிறது, அந்த நாட்களில் அரிசி ஊறப்போடும் வேலையை என் தம்பி பார்க்கிறான். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அந்த விதி வருமா என்று இப்போது சொல்ல முடியாது. கடிதம் போன வாரம் அனுப்பப்பட்டது. அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது.