ஆதிச்சநல்லூர்ப் பரம்பு: ஊர்ப் பயணத்தில் ஒரு முற்பகல்

கொங்கு நாட்டுக் கொடுமணலில் பண்டைய ஈமக்காட்டைத் தேடிப் போகிறவருக்குத் தரைமேல் கிடக்கும் கல்வட்டங்களே இடத்தைக் காட்டிவிடும். எங்கள் தாமிரபரணிக் கரையில் அப்படியில்லை. ஆதிச்சநல்லூரில் இறந்தோரைப் பெரிய தாழிகளில் இட்டு மண்ணுக்குள் இறக்கினார்களே தவிர, மேலே கல்வட்டம் அமைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், கருங்குளத்தைத் தாண்டியதும் வரும், பரம்பு எனப்படும் அந்தச் சரளைக்கல் மேடு ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ளது என்றாலும், விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது முள்மரங்கள் நிற்கும் தரிசாகவே படும். ஆகவே இங்கே வருகிறவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதும், கீழே இருப்பதைக் காட்ட ஓர் ஏற்பாடு இருப்பதும் கூடுதல் வசதிகள் அல்ல. அவை இல்லாவிட்டால் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை.

இந்த முறை விடுமுறையில் வந்தபோது அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். முன்பதிவு செய்திருந்த வாடகைக் கார் சொன்ன நேரத்துக்கு வரவுமில்லை, அவர்கள் தொலைபேசியை எடுக்கவுமில்லை. காத்திருந்து பயனில்லை என்று புதிய பேருந்து நிலையம் போய்த் திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறினோம். அதுவே நல்லதாகப் போயிற்று. நடத்துநர் எங்கள் இடம் வருமுன்பே குரல் கொடுத்து, "ஆச்சி, வண்டி நிக்கட்டும், மெதுவா எறங்குங்க" என்று முழங்கால் வலியுள்ள அத்தையைக் கைபிடித்து இறக்கிவிட்டார். அவசரமான வழித்தடம் அது. அந்தப் பொறுமையை நான் எதிர்பார்க்கவில்லை.

2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட களக் காட்சியகத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தோண்டிய குழிகளை மூடிவிடாமல், தாழிகளை எடுத்துவிடாமல், மேலே கண்ணாடித் தளம் பாவியிருக்கிறார்கள். அதன்மேல் நின்று குனிந்தால், காலுக்குக் கீழே தாழிகள் கிடந்த நிலையிலேயே தெரிகின்றன. சிலவற்றின் தோள் மண்ணின் பாரத்தில் உள்வாங்கியிருக்கிறது. ஒன்றில் விளிம்பு உடைந்து, உள்ளே மண் நிரம்பி, அந்த மண்ணிலிருந்து சிறு கலயம் ஒன்றின் வாய் மட்டும் வட்டமாக எட்டிப்பார்த்தது. அங்கே பணியிலிருந்தவர் அதைத்தான் முதலில் காட்டினார். "அண்ணாச்சி, பெரிசையே பாக்காதிய. உள்ள ஒரு கலயம் இருக்கு பாத்தியளா? செத்தவுகளுக்கு வச்சு அனுப்புனது" என்றார். அவர் சொல்லியிராவிட்டால் அதைக் காணாமலே கடந்திருப்பேன். அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு நெல்லு அவிக்கிற பானை கணக்காலா இருக்கு" என்றார். ஆற்றுக்கு அக்கரையில் சிவகளைப் பரம்பில் தாழிக்குள் நெல்லே கிடைத்தது என்றும், அதன் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டிருக்கிறது என்றும் நான் சொன்னதும், அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார்.

இந்த ஏற்பாட்டை நான் இவ்வளவு பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே முதன்முதலில் 1876இல் தோண்டியவர், இன்று நான் பிழைக்கும் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர். எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் மட்டும் 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இத்தனை நடந்தும், ஊருக்குள் வருகிறவருக்குக் காட்ட நெடுங்காலம் மண்மேடே மிஞ்சியிருந்தது. பொருளை எடுத்த இடத்திலேயே விட்டுவைத்துக் காட்டுவதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம். எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வெண்கலத்தைப் பார்த்து வியக்கலாம்; ஆனால் எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எந்தத் தாழிக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதை இங்கேதான் உணர முடியும்.

வெளிநாட்டிலிருந்து வருவோரில் பெரும்பாலோர் வயதான பெற்றோரையும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். இத்தகைய தொல்லியல் களங்கள் எதுவானாலும், நிழலில் உட்கார இரண்டு இருக்கைகளும், கையில் எடுத்துப்போக எளிய தமிழில் ஒரு சிறு கையேடும், சாய்தளமும் அவர்களுக்கு மிகவும் உதவும். உடைந்த ஓடொன்றில் பெண்ணும் மானும் முதலையும் புடைப்பாக ஒட்டப்பட்டு இங்கே கிடைத்ததே, அதன் படத்தைக் கையேட்டில் போட்டால் பிள்ளைகள் தாமே கேள்வி கேட்பார்கள்.

போக விரும்புவோர் காலையிலேயே புறப்படுவது நல்லது. பரம்பில் வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தொடர்வண்டியில் வருவதானால் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். முதியவர்கள் இருந்தால், வழியில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைத் திரும்பும்போது வைத்துக்கொண்டு, பரம்பை முதலில் முடித்துவிடுங்கள். ரெட்டியார்பட்டியில் தமிழக அரசு அமைத்துள்ள பொருநை அருங்காட்சியகத்தை அதே நாளில் சேர்க்காமல், மறுநாள் தனியாகப் போய்ப் பாருங்கள். களத்தைப் பார்த்தபின் அங்கே போனால், ஒவ்வொரு பானையும் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லலாம்.